நடுவர் தீர்ப்பை இன்னும் மன்னிக்காத அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ரசிகர்கள்: நீங்கள் சந்தித்தவர்களைச் சொல்லுங்கள்

மிசூரிவாசி:
இந்த விளையாட்டின் விதிகளை எனக்குக் கற்றுத் தந்ததே ஒருவருடைய பழைய கோபம்தான். செயின்ட் லூயிஸில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர், ஓய்வு பெறும் வயது. புதிதாகச் சேர்ந்த பையன் கொலராடோ தொப்பியோடு வந்த அன்று குட் மார்னிங்கூட சொல்லாமல் ஐந்து விரலை விரித்துக் காட்டினார். 1990 அக்டோபர் 6 கணக்கு அது. மிசூரி 31-27 என்று முன்னிலை, கொலராடோ கோல் கோட்டுக்குப் பக்கத்தில், கடைசி நொடிகள். டவுன் என்றால் பந்தை முன்னேற்ற ஒரு முயற்சி, நான்குதான் உண்டு, ஆனால் நடுவில் ஒரு டைம் அவுட்டின்போது டவுன் எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டார்கள், நடுவர் குழுவில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஐந்தாவது டவுனில் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன், 33-31 என்று கொலராடோ ஜெயித்தது. நடுவர்களை சஸ்பெண்ட் செய்தார்கள், முடிவு அப்படியே நின்றது. அந்த சீசனில் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் கொலராடோதான் சாம்பியன், பெரியவருக்கு அதுதான் ஆறவில்லை.

பையனும் லேசுப்பட்டவன் இல்லை. "நாலாவதில் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினோமே, எண் சரியாக இருந்திருந்தால் அப்படி வீணடித்திருப்போமா?" என்றான். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது. பெரியவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை, "அஞ்சாவதிலும் பந்து கோட்டைத் தாண்டலை" என்று அடுத்த வழக்கை ஆரம்பித்துவிட்டார். அந்த மேட்ச் நடந்தபோது பையன் பிறக்கவே இல்லை!

கொலம்பஸ்காரர்:
இதைவிட எங்கள் பக்கத்து வீட்டு தேங்க்ஸ்கிவிங் விருந்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் ஓஹையோ ஸ்டேட் பைத்தியம், அவர் மச்சான் மயாமியில் படித்தவர். 2003 ஜனவரி 3, ஃபியஸ்டா பவுல், சாம்பியன் யார் என்று தீர்மானிக்கிற ஆட்டம். ஆட்டம் சமனாகி, கூடுதலாகக் கொடுக்கும் முதல் ஓவர்டைமில் மயாமி 24-17. ஓஹையோவின் நான்காவது டவுன் பாஸ் கீழே விழுந்தது, மயாமிக்காரர்கள் ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே ஓடி வந்துவிட்டார்கள், வாணவேடிக்கைகூட வெடித்தாகிவிட்டது, அப்புறம்தான் ஒரு நடுவர் தவறு நடந்தது என்று காட்டும் கொடியை நிதானமாக எறிகிறார், பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்று, அதாவது பந்தைப் பிடிக்கப் போனவரை மயாமி ஆள் விதியை மீறித் தடுத்தாராம். இரண்டாவது ஓவர்டைமில் ஓஹையோ 31-24.

மச்சான் போனில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார். வீட்டுக்காரர் அந்தக் கொடியைப் பற்றி வாயே திறப்பதில்லை. "நாலாவது குவார்ட்டரில் எங்கள் ஆட்டக்காரர் கேம்பிள் பிடித்த பந்தைக் கோட்டுக்கு வெளியே என்று சொன்னார்களே, அதை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஓவர்டைமே வந்திருக்காது" என்று அங்கே போய்விடுவார். அன்றைக்கு காலேஜ் ஆட்டத்தில் ரீப்ளே பார்க்கும் முறை கிடையாது, அதனால் இரண்டு பேருமே சாகும்வரை பேசலாம். நம்மூர்க் கல்யாணப் பந்தியில் பெரியப்பாவும் சித்தப்பாவும் வரப்புத் தகராறு பேசுவார்களே, அச்சு அசல் அதேதான், இலைக்குப் பதில் வான்கோழி.

ஆஸ்டின் மேலடுக்கு:
ரீப்ளே வந்ததால் மட்டும் என்ன ஆகிவிட்டது? 2024 அக்டோபரில் ஜார்ஜியா இங்கே வந்தபோது நான் மைதானத்தில்தான் இருந்தேன். ஜார்ஜியா எறிந்த பந்தை டெக்சஸ் இடைமறித்துப் பிடித்தது, உடனே டெக்சஸ் மேலேயே பாஸ் இன்டர்ஃபியரன்ஸ். கூட்டம் பாட்டில்களை உள்ளே எறிந்தது. சுத்தம் செய்து முடிப்பதற்குள் நடுவர்கள் கூடிப் பேசி கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் "எறியாதீங்கப்பா, அசிங்கம்" என்று கத்திக்கொண்டிருந்தவர், தீர்ப்பு மாறியதும் எறிந்தவனையே கட்டிப்பிடித்துக் குதித்தார்! முதல் தீர்ப்பு தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் திருத்தியது எந்த நேரத்தில் என்று பாருங்கள். 30-15 என்று ஜெயித்த ஜார்ஜியா ரசிகர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். டெக்சஸுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம், தோல்வி தனி.

இத்தாக்கா:
முடிவு மாறியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். 1940ல் கார்னெல் இதே போல ஐந்தாவது டவுனில் டார்ட்மத்தை 7-3 என்று ஜெயித்தது. படச்சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்று கார்னெலே தந்தி கொடுத்தது. இன்றும் கணக்கில் டார்ட்மத் 3-0.

ஸ்டில்வாட்டர் ஆய்வகம்:
தந்தி கொடுக்கும் ஆட்கள் இப்போது எங்கே சார்? 2016 செப்டம்பரில் எங்கள் ஒக்லஹோமா ஸ்டேட் நாலாவது டவுனில் பந்தை வேண்டுமென்றே வெளியே எறிந்து நேரத்தை முடித்தது. விதிப்படி ஆட்டம் அத்தோடு சரி. நடுவர்கள் சென்ட்ரல் மிச்சிகனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், நீளமாக எறிந்த பந்தை ஒருவர் பிடித்து இன்னொருவருக்குக் கைமாற்ற, அவர் ஓடிப் போய் டச்டவுன், 30-27. குழுவுக்கு இரண்டு ஆட்டத் தடை, முடிவு மாறாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு சென்ட்ரல் மிச்சிகனில் படித்த ஒருவர் வந்து சேர்ந்தார். விதிப் புத்தகத்தையே திறந்து காட்டினோம். முழுசாகப் படித்தார். "விதி தப்புதான், ஆனா பந்தைப் பிடிச்சது நிஜம்தானே, நீங்க ஏன் தடுக்கலை?" என்று கேட்டுவிட்டு காபி எடுக்கப் போய்விட்டார்.