புதுப்பிப்பு: இரண்டாம் வகுப்பு அறையில் குவிந்த பொருட்களைக் குறைத்ததன் விளைவு

பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்கும் ‘செயல்வழிக் கற்றல்’ முறைக் காலத்து அட்டைகளும் தட்டுகளும், ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தின் துணைக்கருவிகளும், நான்கு சுவர்களையும் மறைத்த அட்டைப்படங்களும் சேர்ந்து, பிள்ளைகள் வட்டமாக உட்காரக்கூட இடமில்லை என்று சென்ற மாதம் இங்கே வழி கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

‘நடப்புப் பருவத்துக்கு வேண்டியது மட்டும் வகுப்பில் இருக்கட்டும்’ என்று ஓர் ஆசிரியை கூறிய யோசனையே பலித்தது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருட்களை நாமாகக் கழிக்கக் கூடாது என்று மற்றொருவர் நினைவூட்டியதால், அவற்றைத் தனியே பிரித்து, பட்டியலிட்டு, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அலுவலக அறைப் பீரோவுக்கு மாற்றினேன். கரும்பலகைச் சுவரை முற்றிலும் வெறுமையாக விட்டேன். பிள்ளைகளின் ஓவியங்கள் தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் மட்டும் தொங்குகின்றன, வெள்ளிதோறும் மாறுகின்றன. மூடியிட்ட பெட்டிகள் எங்களுக்கு உதவவில்லை. உள்ளே இருப்பது தெரியாததால் பிள்ளைகள் அவற்றைத் தொடவே இல்லை. திறந்த தட்டுகளே போதுமாயின.

எதிர்பாராதவை இரண்டு. அட்டைப்படங்களுக்குப் பின்னால் சுவர் நெடுகக் கரையான் ஏறியிருந்தது. அடுத்து, ‘கோழி’ என்று எழுதத் தொடங்கிய ஒரு சிறுமி, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்க்க, உயிர்மெய் அட்டவணை இருந்த வெற்றிடத்தையே திரும்பித் திரும்பி நோக்கினாள். அதைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. அந்த அட்டவணையை மட்டும், இம்முறை பிள்ளைகளின் கண் உயரத்தில், மறுநாளே மாட்டிவிட்டேன்.