பாறை ஏற்றத்துக்கு எது வலிமை: கிரவுன்-பினியனா, டிரான்ஸ்ஃபர் கேஸா?

மேடுபள்ளம் (அல்சூர், பெங்களூரு)
என் பழைய ஜீப்பில் 28 அங்குல டயர்களைக் கழற்றி 31 அங்குலம் போட்டிருக்கிறேன். முன் ஆக்சிலில் லாக்கரும் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் கருவி) பொருத்தப் போகிறேன். ராமநகரத்துக் கருங்கல் பாறைகளில் நடை வேகத்தில் ஏறுவதற்காகவே இந்த ஏற்பாடு. இரண்டு ஆக்சில்களிலும் கிரவுன்-பினியனின் (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கர இணை) 4.10 விகிதத்தை 5.13 ஆக்கினால் வேகம் குறைவதோடு வலிமையும் கூடும் என்று கருதுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

பல்சக்கரம்
வேகம் குறையும். வலிமை கூடாது, குறையும். 41 பல் கிரவுனும் 10 பல் பினியனும் சேர்ந்தால் 4.10, அதே 41-க்கு 5.13 வேண்டுமானால் பினியனில் 8 பல்லுக்குத்தான் இடம். ஆக்சில் ஹவுசிங்குக்குள் (உறைக்குள்) கிரவுனின் விட்டத்தைப் பெரிதாக்க முடியாது என்பதால் பினியனின் தலை சிறுத்துவிடுகிறது. சுமையைத் தாங்கும் பற்பரப்பும் குறைகிறது. குறைவேகத்தை டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டி) லோ கியரில் தேடுங்கள். அதன் விகிதத்தை 2-இலிருந்து 4-க்குக் கொண்டுபோனால் ஆக்சிலைத் தொடாமலே வேகம் பாதியாகும்.

நெடுந்தண்டு
பல் கணக்கு சரிதான், முறுக்குவிசைக் கணக்குத்தான் பாதியில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பெருக்கித் தரும் விசை முழுவதும் புரோப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு), அதன் மடங்கு இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட், பினியன் என்ற வழியாகத்தான் சக்கரத்தை அடைய வேண்டும். சக்கரத்துக்கு ஒரே அளவு விசை தேவைப்படும்போது, 4.10-இல் பினியன் தாங்குவதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டுமே 5.13-இல் தாங்கினால் போதும். தவிர, 31 அங்குல டயரோடு 4.10 என்பது 3.70 போலத்தான் நடந்துகொள்ளும். மைசூரு நெடுஞ்சாலை மேட்டில் வண்டி திணறுவதற்கு லோ கியரில் மருந்து கிடையாது.

பல்சக்கரம்
டயர் வழுக்கும் வரையில் உங்கள் ஐந்தில் நான்கு பங்கை ஏற்கிறேன். ஆனால் பினியன் உடைவது சீரான சுமையால் அல்ல: அந்தரத்தில் சுழன்ற சக்கரம் திடீரென்று கல்லைப் பற்றும்போது வரும் அதிர்ச்சியால். அதிலும் பின் ஆக்சிலுக்கென வெட்டிய கிரவுன்-பினியனை அப்படியே முன்னால் பொருத்தியிருந்தால், முன்னோக்கி ஏறும்போது பற்கள் வலுக்குறைந்த புறத்தில்தான் சுமை ஏற்கின்றன. இதற்காகவே எதிர்வெட்டுப் பற்கள் கொண்ட உயர் பினியன் ஆக்சில்கள் (பினியன் மையக்கோட்டுக்கு மேலே அமைந்தவை) இருக்கின்றன. அந்த இடத்தில் 8 பல் பினியனை வைக்க எனக்குத் துணிவில்லை. நெடுஞ்சாலைத் திணறலுக்கு 9 பல் போதும்: 41-க்கு 9 என்றால் 4.56, பழைய டயரின் இழுவை ஏறக்குறைய அப்படியே திரும்பிவிடும். மிச்சக் குறைப்பு டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கட்டும்.

மேடுபள்ளம்
4.56 எனக்கும் ஏற்புடையதே. அப்படியானால் ஆக்சில் ஷாஃப்டுகளையும் (சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டுகள்) 4340 குரோமோலி என்ற வலுவான கலப்பு எஃகுக்கு மாற்றிவிடலாமா?

பல்சக்கரம்
மாற்றியே தீர வேண்டும். வேகத்தை எங்கே குறைத்தாலும் ஷாஃப்டுக்கு முழு விசையும் வந்து சேரும். பெரிய டயர் அதில் பதினொரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டுகிறது. லாக்கர் இருந்தால், ஒரு சக்கரம் காற்றில் தொங்கும்போது அந்த ஆக்சிலுக்கு வரும் விசை முழுவதையும் மறுபக்கத்து ஷாஃப்ட் ஒன்றே சுமக்க நேரிடும்.

நெடுந்தண்டு
அங்கேதான் நான் உடன்படவில்லை. ஷாஃப்ட் உடையாவிட்டால் அடுத்து உடைவது கிரவுன்-பினியன். ஷாஃப்டை ஃபியூஸ் போல விட்டுவைத்தால் பாறையடியிலேயே மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். கிரவுன்-பினியனுக்கோ பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் இடைவெளி) எல்லாவற்றையும் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்து, பற்களில் சாயம் தடவி அவை படியும் தடத்தையும் பார்க்க வேண்டும். அதைக் காட்டில் செய்ய முடியாது.

பல்சக்கரம்
ஷாஃப்டின் எந்த இடம் முறியும் என்று உத்தரவாதம் தருவீர்களா? உள்முனையில் முறிந்து துண்டு, கிரவுன் இருக்கும் டிஃபரன்ஷியலுக்குள் விழுந்தால், நீங்கள் காப்பாற்ற நினைத்த கிரவுனும் சேர்ந்தே போகும்.

நெடுந்தண்டு
அதனால்தான் ஃபியூஸை வெளிமுனையில், ஹப்பில் வைக்கச் சொல்கிறேன். முன்பக்கம் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் பூட்டு) இருக்கும் வண்டி இது. உள் ஷாஃப்ட் குரோமோலியாக இருக்கட்டும், ஹப் பழையதாகவே இருக்கட்டும், உதிரி ஹப் ஒன்றை ஜே.சி. ரோட்டில் தேடி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.