குறைந்த விலைக் கட்டானா வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

மேப்பிள்நிழல் எழுதியது:

ஐந்தாண்டுகளாக இதை எழுதவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். டொரொண்டோவில் இயாய்டோ என்னும் ஜப்பானிய வாள் உருவும் கலையைப் பயிலும் நான், சுருட்டிய பாயை வெட்டும் பயிற்சிக்கென்று 2019-இல் 280 கனடிய டாலருக்கு இணையத்தில் ஒரு கட்டானா, அதாவது ஜப்பானிய வளைவாள், வாங்கினேன். சீனாவின் லோங்சுவான் நகரத்தில் செய்தது, டி10 எஃகு, களிமண் பூசித் தோய்ச்சல் கொடுத்தது. கூர்விளிம்பை ஒட்டி அலை அலையாக ஓடும் அந்த வெண்ணிற ஹமோனைப் படத்தில் பார்த்தவுடனேயே முடிவு செய்துவிட்டேன். கைப்பிடியைப் பற்றி விற்பனையாளர் இரண்டு வரிகள்தான் எழுதியிருந்தார். அவற்றையும் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை.

மூன்றாவது பாயை வெட்டியபோது உள்ளங்கைக்குள் 'டக்' என்று ஒரு சிறு ஒலி எழுந்தது. வெட்டு சுத்தமாக விழுந்ததால் அதை நான் பொருட்படுத்தவில்லை. நான்காவது பாய்க்காக வாளை உயர்த்தியபோது, கைக்காப்பாக இருக்கும் சுபா ஓர் அரிசியளவு அசைந்து ஆள்காட்டி விரலில் இடித்தது. ஆசிரியர் உடனே நிறுத்தச் சொல்லி, வாளை வாங்கி, சிறிய பித்தளைச் சுத்தியலால் மெகுகியைத் தட்டப் போனார். அலகையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த முளை, அவர் தட்டுவதற்கு முன்பே இரண்டு துண்டாக விழுந்தது. மூங்கிலாக இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ மென்மரக் குச்சியைச் செருகியிருந்தார்கள். கைப்பிடியைக் கழற்றினால், உள்ளே நுழையும் அலகின் காம்புக்காகக் குடைந்த பள்ளம் அளவுக்குமீறி அகலமாக இருந்தது. அந்த இடைவெளியைக் காகிதத்தாலும் பசையாலும் அடைத்திருந்தார்கள். முளைத்துளையிலிருந்து மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது. அலகுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

பிடி உடைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு எதிரே நான்கு மீட்டர் தொலைவில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தரையில் அமர்ந்து, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நான்காவது வெட்டில் அலகு கழன்றிருந்தால் அவன் இருந்த திசையில்தான் போயிருக்கும். அந்த மூடியை அவன் திருகியது இன்றுவரை என் கண்ணைவிட்டு அகலவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

நாகோயாவாசி எழுதியது:

என் அனுபவத்தில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் சிறிது வெட்கம் உண்டு. நாகோயாவில் வேலைக்கு வந்த முதல் ஆண்டில், அருகிலிருக்கும் கிஃபு மாகாணத்துச் செகி நகரத்துக்குப் பயிற்சி வாள் வாங்கப் போனேன். நூற்றாண்டுகளாகக் கத்தியும் வாளும் செய்துவரும் ஊர் அது. உயரம் 171 சென்டிமீட்டர்தான் என்றாலும், 2 ஷாகு 5 சுன், அதாவது ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் அலகுதான் வேண்டும் என்று மனத்தில் உறுதியாக இருந்தேன். நீளமான வாள் கம்பீரமாகத் தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கடைக்காரப் பெரியவர் மறுப்பு ஏதும் சொல்லாமல் நான் கேட்ட வாளையே எடுத்துத் தந்து, இடுப்பில் செருகி உருவச் சொன்னார். எப்படியோ உருவிவிட்டேன். அடுத்து, உறையில் போடச் சொன்னார். இடக்கையால் உறையை எவ்வளவு பின்னுக்கு இழுத்தும், இடுப்பை எவ்வளவு திருப்பியும், வாள்முனை உறையின் வாய்க்கு இரண்டு விரற்கடை வெளியிலேயே நின்றது. நான் குதிகாலை உயர்த்தி நின்றிருந்தேன் என்பதே அவர் என் காலைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வாளை வாங்கிக்கொண்டு 2 ஷாகு 3 சுன் 5 பு, அதாவது ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் நீளமுள்ள வேறொன்றைக் கொடுத்தார். அதை எட்டாண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

மேப்பிள்நிழல் அவர்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். செகியில் நான் வாங்கியது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. காந்தம் ஒட்டாது, தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால்தான் ஜப்பானில் அதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எஃகு வாளுக்கு விதி வேறு. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற கொல்லர் மரபு முறையில் செய்த வாளையோ, கலைப்பொருளாக ஏற்கப்பட்ட பழைய வாளையோ மட்டுமே மாகாணக் கல்வி வாரியத்தில் பதிந்து வைத்திருக்கலாம். உரிமம் பெறுவதற்கே குறைந்தது ஐந்தாண்டுகள் ஒரு கொல்லரிடம் தொழில் கற்கவேண்டும். பெற்றபிறகும் மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்யக்கூடாது. அவர்கள் பயன்படுத்தும் தமஹகானே எஃகு, ஷிமானே மாகாணத்து ஒகுஇசுமோவில் 1977-இல் மீண்டும் மூட்டப்பட்ட உலையிலிருந்து வருகிறது. நிலைமை இப்படியிருக்க, 'அசல் ஜப்பான் கட்டானா, 200 டாலர்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. லோங்சுவான் வாளை இங்கே கொண்டுவந்தால் அதைப் பதிவு செய்யவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. ஆகவே முதல் வாள் கூரற்றதாகவே இருக்கட்டும் என்பதே என் கருத்து.

எஃகுப்பித்தன் எழுதியது:

நாகோயாவாசி அவர்களுக்கு மரியாதையுடன் ஒன்று சொல்கிறேன்: வெட்டும் வாளைப் பற்றிய பேச்சில் வார்ப்பு உலோகத்தைக் கொண்டுவந்து வைப்பது பொருத்தமில்லை. ஜப்பானியச் சட்டம் ஜப்பானில் இருப்பவர்களுக்கு. கனடாவில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

என் கதை சுருக்கமானது. சான் ஹோசேயில் ஒரு வெட்டுப் பயிற்சியின்போது என் மணிக்கட்டு திரும்பிவிட, களிமண் தோய்ச்சல் பெற்ற என் வாள் பாயை விட்டு விலகி, அதைச் செருகியிருந்த மரத்தாங்கியில் பட்டது. அலகு உடையவில்லை, நடுப்பகுதியில் ஏழெட்டு மில்லிமீட்டர் வளைந்துவிட்டது. அத்தனை பேர் பார்த்திருக்க, உறைக்குள் பாதி போன வாள் அதற்குமேல் போகமாட்டேன் என்று நின்றது. துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

இதிலிருந்து எஃகைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1045, 1060, 1095 என்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் கரிமத்தின் அளவைக் காட்டுகின்றன. 1060 என்றால் 0.60 விழுக்காடு. டி10 என்பது சுமார் 1 விழுக்காடு கரிமமுள்ள சீனக் கருவி எஃகு, அவ்வளவுதான். கரிமம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் தவறான வெட்டை அந்த எஃகு பொறுக்காது. களிமண் தோய்ச்சலில், முதுகுப் பக்கம் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் மண் பூசப்படுவதால், நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது விளிம்பு விரைவாகக் குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன். மென்மையான முதுகு உடையாது; ஆனால் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். அலகு முழுவதையும் ஒரே சீராகத் தோய்த்துப் பதப்படுத்திய 1060-ஓ, ஏறத்தாழ 2 விழுக்காடு சிலிக்கான் கலந்த 9260 ஸ்பிரிங் எஃகோ அந்த அடியை வாங்கியிருந்தால், பெரும்பாலும் வளைந்து மீண்டும் நேராகியிருக்கும். அதில் ஹமோன் இருக்காது. தொடக்கக்காரருக்கு ஹமோன் எதற்கு?

அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வாளின் எடையைக் குறைக்கும். வீசும்போது 'விஷ்' என்ற காற்றொலியையும் எழுப்பும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் பலர் வாங்குகிறார்கள். தனிப்பயிற்சியில் விளிம்பு நேராகப் போகிறதா என்பதைக் காதால் அறிய அது உதவும் என்பதை மறுக்கவில்லை. பாய் வெட்டுவதற்குப் பள்ளமில்லாத அலகுதான் வேண்டும். மடித்த எஃகு, 'ஆயிரம் அடுக்கு' என்றெல்லாம் எழுதியிருந்தால் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். தமஹகானேயை மடிப்பது அதிலுள்ள கசடை வெளியேற்றிக் கரிமத்தைச் சீராக்குவதற்கு. தொழிற்சாலை எஃகு சீராகத்தான் வருகிறது. அதை மடித்தால் அழகு கூடும், வலிமை கூடாது.

தேம்ஸ்கரை எழுதியது:

எஃகைப் பற்றி இவ்வளவு எழுதிய நண்பர் உறையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே. என்னை வெட்டியது உறைதான் என்று சொன்னால் மிகையாகாது.

லண்டனில் 2011-இல் வாங்கினேன். 2008 ஏப்ரல் 6 முதல் இங்கே 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டிருப்பதால், வாள் பயிற்சிச் சங்கத்தின் உறுப்பினர் என்பதைக் காட்டி விலக்கின்கீழ் வாங்கினேன். அந்தக் கடிதப் போக்குவரத்தில் காட்டிய கவனத்தை உறையில் காட்டவில்லை. சில வாரங்களாகவே உறையைத் தலைகீழாகத் தட்டும்போதெல்லாம் மரத்தூள் விழுந்துகொண்டிருந்தது. புதிய உறை, உள்ளே சரியாகத் துடைத்திருக்கமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் மாலை, களைப்பில் சற்று வேகமாக உருவியபோது, சீவுளியிலிருந்து விழுவதுபோல் மெல்லிய மரச்சுருள் ஒன்று தரையில் விழுந்தது. அது எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்க்கும்போதுதான் சுருளுக்குப் பக்கத்தில் இரத்தத் துளிகளைக் கண்டேன். வாளின் விளிம்பு உறையின் வாயருகே மரத்தை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பக்கத்தைச் சுற்றிப் பிடித்திருந்த என் இடக்கை விரலையும் அறுத்திருந்தது. நான்கு தையல்கள். வலி பிறகுதான் வந்தது.

தவறு என்னுடையதும்தான்: விளிம்பு இருக்கும் பக்கத்தில் விரலை வளைத்துப் பிடிக்கக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே நாகோயாவாசியின் கருத்தே என் கருத்தும். ஓராண்டாவது கூரற்ற வாளை உருவி, உறையில் போட்டுப் பழகாதவர் கூரான வாளை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

சுவர்அலங்காரம் எழுதியது:

நான் பயிற்சி செய்பவன் அல்லன். வரவேற்பறைச் சுவருக்காக 90 டாலருக்கு வாங்கியவன். என் வாளிலும் ஹமோன் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் உலோகம் துலக்கும் பசையைத் தடவி, பழைய பனியன் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கால்மணி நேரத்தில் பிடியிலிருந்து பாதி அலகு வரை அலையே இல்லாமல் போய்விட்டது. மறுபாதியில் அலை அப்படியே இருந்தது. அமிலத்தால் வரைந்த படத்தை நானே என் கையால் அழித்திருக்கிறேன். விற்பனை விவரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 'ஹமோனுடன் கூடியது' என்று மட்டுமே இருந்தது, களிமண் தோய்ச்சல் என்ற சொல் எங்கும் இல்லை. பொய் சொல்லவில்லை அவர்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாதி அலையுடன் அது இப்போதும் சுவரில்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் யாரும் இதுவரை கவனித்ததில்லை.

எஃகுப்பித்தன் எழுதியது:

சுவர்அலங்காரம் அவர்களின் முடிவு அவசரமானது. அசல் ஹமோனும் பசை போட்டுத் தேய்த்தால் மங்கும். நாம் காணும் வெண்மை பெரும்பாலும் மெருகிடுபவரின் கைவேலை. தேய்த்த பகுதியை ஒற்றை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். கடினமான விளிம்புக்கும் மென்மையான முதுகுக்கும் நடுவில் உறைபனித் துகள் போன்ற நுண்ணிய மினுமினுப்புத் தெரிந்தால், தோய்ச்சல் உண்மை. 90 டாலர் வாளில் தெரியாது என்பதே என் ஊகம்.

சுவர்அலங்காரம் எழுதியது:

பார்த்தேன். தெரியவில்லை. நான் ஆலோசனை கேட்கவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேப்பிள்நிழல் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. கைப்பிடியைப் பற்றி மேலும் பலர் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பேச்சு மீண்டும் அலகுக்கே போய்விட்டது. நானும் 2019-இல் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது வாளை வாங்கும்போது எஃகைப் பற்றி நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. சீராகத் தோய்த்த 1060, பள்ளம் இல்லை, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்ற அளவில் அதை முடித்துக்கொண்டேன். மற்றக் கேள்விகள் எல்லாம் பிடியைப் பற்றியவை. முளையைக் கழற்றி, அலகின் காம்பையும் கைப்பிடியின் உள்மரத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பமுடியுமா என்று மூன்று விற்பனையாளர்களுக்கு எழுதினேன். இருவர் பதில் தரவில்லை. மூன்றாமவர் இரண்டு நாள்களில் ஐந்து படங்களை அனுப்பினார். அவரிடமே 340 அமெரிக்க டாலருக்கு வாங்கினேன். வந்த அன்றே முளையைத் தட்டி எடுத்து, பிடியை இடக்கையில் நிமிர்த்திப் பிடித்து, வலக்கை முட்டியால் இட மணிக்கட்டைக் குத்தினேன். மூன்று குத்துகளில் காம்பு தளர்ந்து மேலே எழும்பியது. ஒரே குத்தில் எழும்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். முளைகளை இப்போது முற்றிய மூங்கிலில் நானே சீவிக்கொள்கிறேன். ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். பிடியைச் சுற்றிய நாடா, அதன் அடியில் மரத்தைப் போர்த்தியிருக்கும் திருக்கை மீன் தோலின்மீது வழுக்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பழைய அலகு பிடியில்லாமல் அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் பூசுகிறேன். அதற்குப் புதிதாகப் பிடி செய்ய ஒருவர் 400 டாலர் கேட்டார். வாளின் விலையைவிட அது கூடுதல் என்பதால் விட்டுவிட்டேன். அன்று எனக்கு எதிரே அமர்ந்திருந்த பையனுக்கு இப்போது இருபது வயது ஆகிறது. சென்ற மாதம் இயாய்டோவில் 'முதல் டான்' என்ற தரநிலைக்கான தேர்வில் தேறினான். அந்த ஹமோன் மிகவும் அழகாக இருக்கும் என்று நினைவு, அந்த அலகை எனக்கு விற்பீர்களா, பிடியை நானே செய்துகொள்வதாக இருக்கிறேன் என்று போன வாரம் என்னிடம் கேட்டான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.