மெட்டாஃபில்டரைச் சாய்த்தது கூகுளா, விளம்பர வருமானமா?

வைகைக்கரை:
ஒரு தளத்தைத் தேடுபொறி ஒரே இரவில் சாய்த்துவிடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மெட்டாஃபில்டரைப் பாருங்கள். 1999இல் மேட் ஹாவி தொடங்கிய அமெரிக்க இணையக் குழுமம். 2003 இறுதியில் ‘ஆஸ்க் மெட்டாஃபில்டர்’ என்ற கேள்வி-பதில் பகுதி சேர்ந்தது. அடுத்த ஆண்டு முதல், புதிதாகச் சேருகிறவர்கள் ஒருமுறை 5 டாலர் கட்ட வேண்டும். பதிவுகளைக் கண்காணிக்க, சம்பளம் வாங்கும் மட்டுறுத்துநர்களும் இருந்ததால் குப்பை தங்காது. 2012 நவம்பரில் ஒரு நாள் விடிந்து பார்த்தால், கேள்வி-பதில் பகுதிக்கு வருகிறவர்களும் வருமானமும் 40 விழுக்காடு குறைந்திருந்தது. எப்படியோ ஒன்றரை ஆண்டு ஓட்டிவிட்டு, 2014 மே மாதத்தில் மூன்று மட்டுறுத்துநர்களை வேலையிலிருந்து அனுப்புவதாக ஹாவி அறிவித்தார். அப்போதும் காரணம் என்னவென்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. தளத்தைத் தேடலில் கீழே தள்ளிய கூகுள் செய்த அநியாயம் இது. மறுப்பவர்கள் வாருங்கள்.

கணக்கன்:
வந்துவிட்டேன். அநியாயம் என்றால் ஏதோ ஒரு வாக்குறுதி மீறப்பட்டிருக்க வேண்டும். எந்த வாக்குறுதி? மெட்டாஃபில்டர் கூகுளுக்குக் காசும் கட்டவில்லை, ஒப்பந்தமும் போடவில்லை. சும்மா வந்த கூட்டம் சும்மா போனது.

அவர்களுடைய வருமானத்தில் பெரும்பகுதி கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் விளம்பரம். அதுவும் உள்நுழையாமல் வந்து பார்க்கிறவர்களுக்குத்தான் காட்டப்பட்டது. அதாவது எதையோ தேடி வந்து, பதிலைப் படித்துவிட்டு, திரும்பியே பார்க்காமல் போகிறவர்கள்தான் மட்டுறுத்துநர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளை அனுப்புவதும் கூகுள், காசு கொடுப்பதும் கூகுள். இதைத் தொழில் என்று சொன்னால் என் ஆடிட்டர் சிரிப்பார்.

வைகைக்கரை:
> சும்மா வந்த கூட்டம்

சும்மாவா? உறுப்பினர்கள் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இல்லாவிட்டால் கூகுள் எதைத் தேடிக் காட்டும்? வேறு கடைக்குப் போகலாம் என்றால் கடை எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் நடக்கும் தேடலில் ஏறக்குறைய 90 விழுக்காடு அவர்களிடம்தான். தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்.

கணக்கன்:
அந்த வழக்கு, ஃபோனிலும் உலாவியிலும் கூகுளையே இயல்புத் தேடுபொறியாக வைக்க ஆப்பிள் போன்றவர்களுக்குக் கொட்டிக்கொடுத்த பணம் பற்றியது. எந்தத் தளம் எத்தனையாவது இடத்தில் வரவேண்டும் என்பது பற்றியதல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள் நண்பரே.

நிலாமகள்:
நான் எஸ்இஓ, அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையில் இருப்பவள், கொஞ்சம் பின்கதை சொல்கிறேன். 2010, 2011இல் கூகுள் தேடல் நாறிக்கொண்டிருந்தது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்களை அப்படியே திருடிப் போட்ட தளங்கள் அசலுக்கு மேலே வந்தன. ஈஹவ் போன்ற கட்டுரைத் தொழிற்சாலைகள் வேறு. சுத்தம் செய்யுங்கள் என்று எல்லோரும்தான் கத்தினோம். 2011 பிப்ரவரியில் தரமில்லாத தளங்களைக் கீழே இறக்கும் ‘பாண்டா’ என்ற கூகுள் நிரல் வந்து, அமெரிக்கத் தேடல்களில் சுமார் 12 விழுக்காட்டின் முடிவுகளைப் புரட்டிப்போட்டது. 2012 ஏப்ரலில், தேடலில் மேலே வருவதற்காகப் பிற தளங்களில் காசுக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து ‘பென்குயின்’ என்ற இன்னொரு நிரல்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இணைப்பு என்றாலே எல்லோருக்கும் பயம். மெட்டாஃபில்டரின் பழைய உரையாடலில் எவரோ நல்லெண்ணத்தில் கொடுத்த இணைப்பைக்கூட ‘தயவுசெய்து நீக்குங்கள்’ என்று அந்தந்தத் தளக்காரர்களே கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்.

மெட்டாஃபில்டர் சரிந்ததற்குக் காரணம் பாண்டாதான் என்று எங்கள் ஆட்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். 2014 ஜூனில் கூகுளின் ஸ்பேம் தடுப்புக் குழுத் தலைவர் மேட் கட்ஸ் ஒரு மாநாட்டில் பேசும்போது பாண்டாவும் இல்லை, பென்குயினும் இல்லை, இது வேறொரு நிரல் என்றார். அதுவரை நாங்கள் சொன்னதெல்லாம் ஜோசியம்!

கணக்கன்:
சரி, கூகுள் அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் முதலில் கற்றுக்கொள்வது யார்? திருட்டுத்தளக்காரன். பூட்டின் வரைபடத்தைத் தெருவில் ஒட்டச் சொல்கிறீர்கள்.

நிலாமகள்:
இல்லை சார். ஸ்பேம் என்று கூகுள் ஊழியர் கையால் தண்டித்தால் தளத்துக்காரருக்கு அறிவிப்பு வரும். தவறைத் திருத்திவிட்டு மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பிக்கலாம். நிரல் இறக்கிவிட்டால் அறிவிப்பும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது. ஆக, பிடிபட்ட கள்ளனுக்கு இருக்கிற வழி, தப்பே செய்யாமல் அடிபட்டவனுக்கு இல்லை. என் வாடிக்கையாளர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். நிரல் பிசகுவதை நான் குறை சொல்லவில்லை. பிசகியது என்று சொல்லப் போனால் கேட்க ஆள் இல்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

கணக்கன்:
இது நியாயமான பேச்சு. ஆனாலும் மெட்டாஃபில்டரைக் காப்பாற்றியது கூகுளின் மனமாற்றமா? ஆட்குறைப்புச் செய்தி வந்த பிறகு உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் கொடுக்க முன்வந்தார்கள். அதை வருமானம் கொழித்த காலத்திலேயே கேட்டிருக்கலாம்.

வைகைக்கரை:
பணம் கொழிக்கும்போது உண்டியல் நீட்டினால் யார் போடுவார்கள்? போட்டதும் போதவில்லை. 2018இல் மறுபடியும் கையேந்த வேண்டி வந்தது.

ஊர்சுற்றி:
எட்டிப் பார்த்தேன், ஒரே ஒரு சந்தேகம். மனிதர்கள் எழுதிய பதில் வேண்டும் என்று இப்போது ஆட்கள் கேள்விக்குப் பின்னால், பெரிய உரையாடல் தளமான ‘ரெடிட்’டின் பெயரைச் சேர்த்துத் தேடுகிறார்கள். 2024இல் ரெடிட்டுக்கு கூகுள் ஆண்டுக்கு 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. மெட்டாஃபில்டரில் இருந்ததும் மனிதர்கள் எழுதிய பதில்தானே?

கணக்கன்:
அது செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவும் மற்றதற்கும் ரெடிட்டின் தரவைப் பயன்படுத்தக் கொடுக்கும் பணம். தேடலில் இடம் பிடிப்பதற்கல்ல.

வைகைக்கரை:
ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அதே காலத்தில் தேடலில் ரெடிட் மேலே ஏறியதும் தற்செயல் என்பீர்கள்.

கணக்கன்:
தற்செயல் இல்லை என்றால் ஆதாரம் காட்டுங்கள். அந்தப் பதில்களை எழுதிய ரெடிட்காரர்களுக்கு அதில் எத்தனை டாலர் போனது என்றும் கேளுங்கள். அதற்குத் தனி இழை திறங்கள், உங்கள் பக்கமே நின்று பேசுகிறேன்.