பட்டினி போட்டும் பி62 குறைய மறுக்கிறது

சுண்டெலிக் கரு நார்ச்செல்களை ஈபிஎஸ்எஸ் என்ற அமினோ அமிலமில்லாத உப்புக் கரைசலில் பட்டினி போடுகிறோம். ஆட்டோஃபேஜியில் (செல் தன் உட்பொருளைத் தானே சிதைப்பது) சிதையும் புரதமான பி62, 2 மணி நேரத்தில் இறங்குகிறது. 8 மணி நேரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது.

ஆட்டோஃபேஜி நின்றதாகத் தெரியவில்லை. கடைசி 2 மணி நேரம் லைசோசோமில் நடக்கும் சிதைவைத் தடுக்கும் பாஃபிலோமைசின் ஏ1-ஐ 100 நானோமோலார் சேர்த்தால், வெஸ்டர்ன் பிளாட்டில் எல்சி3-2 (ஆட்டோஃபேஜியின் அடையாளப் புரதம்) பட்டை 8 மணி நேரத்திலும் நன்றாக ஏறுகிறது.

லைசிஸுக்கு (செல்களை உடைக்க) 1% டிரைட்டான் எக்ஸ்-100 சோப்புக் கரைசல், லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு. திரண்ட பி62 டிரைட்டானில் கரையாது என்பதால் அடிப்படிவை இன்னும் வலுவான சோப்பான 2% எஸ்டிஎஸ்ஸில் கொதிக்கவைத்தும் ஓட்டினோம். அங்கும் அதே போக்குதான். ஆன்டிபாடியை மாற்றியும் பயனில்லை. கியூபிசிஆரில் எஸ்கியூஎஸ்டிஎம்1 (பி62-இன் மரபணு) எம்ஆர்என்ஏ 8 மணி நேரத்தில் கூடியிருக்கிறது. ஆக, சிதைவதை ஈடுகட்டும் அளவுக்குப் புதிதாக உற்பத்தியாகிறது என்றே சந்தேகம்.

புரத உற்பத்தியை நிறுத்த சைக்ளோஹெக்சிமைடு போடச் சொல்லாதீர்கள். அது செல்லுக்குள் அமினோ அமிலங்களைத் தேக்கி ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் எம்டிஓஆர்சி1-ஐ முடுக்கிவிடும், ஆட்டோஃபேஜியே அடங்கிவிடும்.

எனவே டாக்ஸிசைக்ளின் இருக்கும்போது மட்டும் ஜிஎஃப்பி-பி62-ஐ (ஒளிரும் புரதம் ஒட்டிய பி62) உருவாக்கும் செல் வரிசைக்கு மாறுகிறோம்; மருந்தைக் கழுவினால் புது உற்பத்தி நின்று சிதைவு மட்டும் தெரியும். இதைப் பயன்படுத்துபவர்கள், டாக்ஸிசைக்ளினைக் கழுவி எடுத்தபின் எத்தனை மணி நேரம் விட்டுப் பட்டினியைத் தொடங்குகிறீர்கள்?