அப்டேட்டுக்குப் பிறகு ஸ்லைடு ஷோவில் தமிழ் எழுத்து உடைகிறது, உதவி தேவை

உயிரியல்_ஆசிரியை:
நேற்று சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடிய ஸ்லைடுகள். ராத்திரி மென்பொருள் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் வகுப்பில் போட்டால் 'ஹீமோகுளோபின்' சிதறிக் கிடக்கிறது. மகரம் தனியாக நிற்கிறது, அடுத்து ஒரு புள்ளிவட்டம், அதன் ஒரு பக்கம் இரட்டைக்கொம்பு, மறுபக்கம் துணைக்கால். எடிட் செய்யும்போது சரியாகத் தெரிகிறது, ஷோ போட்டால்தான் இந்தக் கோலம். நான் மட்டும் பார்க்க வேண்டிய நோட்ஸும் புரொஜெக்டரில் வந்து நிற்கிறது.

எனக்கு வயிற்றெரிச்சல் அனிமேஷன்தான். இதயத்தின் வலது ஏட்ரியம் (மேலறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல், பிறகு இடது பக்கம் என்று ரத்தம் போகும் வழிக்கு அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக வரும்படி வைத்திருந்தேன். இப்போது ஒரே கிளிக்கில் அத்தனையும் வந்து விழுகின்றன. படிப்படியாக வந்தால்தானே பிள்ளைகளுக்குப் பிடிபடும்? புது ஐகானும் புது நிறமும் யார் கேட்டார்கள்? ஏற்கெனவே நன்றாக வேலை செய்வதைச் சோதித்துவிட்டு வெளியிடக் கூடாதா?

அடுத்த வகுப்புக்கும் இதே பாடம். எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்ய வேண்டுமா?

எழுத்துரு_ஆர்வலர்:
டீச்சர், டைப் செய்யாதீங்க. யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை) 'மோ' என்பது மகரம், அதற்குப் பின்னால் ஓகாரக் குறி என்றுதான் கோப்பில் இருக்கும். கொம்பை மகரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது திரையில் வரையும் நேரத்தில் நடக்கிற வேலை. அதுதான் சொதப்புகிறது. சந்தேகமிருந்தால் அந்தச் சொல்லை நோட்பேடில் ஒட்டிப் பாருங்க, சரியாக வந்தால் கோப்பு பத்திரம். எடிட்டில் சரி, ஷோவில் மட்டும் தப்பு என்பதால் கிராஃபிக்ஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம். செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) நிறுத்திவிட்டு மென்பொருளை மூடித் திறங்க.

மேடை_ஒளிஒலி:
நோட்ஸுக்கு: விண்டோஸ் என்றால் விண்டோஸ் விசையோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்வு செய்யுங்க. அப்படியும் திரை மாறியிருந்தால் பிரசெண்டர் வியூவிலேயே (நோட்ஸோடு உங்களுக்கு மட்டும் தெரியும் திரை) இரண்டு திரைகளையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும்.

அனிமேஷனை இப்போதைக்கு நம்பாதீங்க. ஸ்லைடை நகலெடுத்து, ஒவ்வொரு நகலிலும் ஒரு அம்புக்குறி கூடுதலாக வையுங்க. பிறகு பிடிஎஃப் ஆக்குங்க. அதில் அனிமேஷன் வராது, ஆனால் பக்கம் புரட்டினாலே அம்பு ஒவ்வொன்றாக வரும். ஒரு பார்வை பார்த்து எழுத்து சரியாக இருந்தால் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்க. அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வரும். முக்கியமான வகுப்பு முடியும் வரை தள்ளிப்போடுங்க, போதும்.

உயிரியல்_ஆசிரியை:
ரொம்ப நன்றிங்க. நோட்பேடில் எழுத்து சரியாகவே வந்தது. ஆக்சிலரேஷனை நிறுத்தியதும் ஷோவிலும் சரியாகிவிட்டது, நோட்ஸும் என் திரைக்கே திரும்பிவிட்டது. அனிமேஷன் மட்டும் இன்னும் அப்படியேதான். நகல் ஸ்லைடுகள் போட்டு பிடிஎஃப் எடுத்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுவனத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே கோளாறு உள்ளவர்கள் உங்கள் பதிப்பு எண்ணை இங்கே போடுங்க, சேர்த்து அனுப்புகிறேன்.