ஸ்டாஃபர்ட் பண்ணை நிலத்தில் கிடைத்த ஈயத் தோட்டாக்களும் ஓர் இரும்புக் குண்டும்: இவை எவை?

செம்மண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வர்ஜீனியாவின் ஸ்டாஃபர்ட் கவுண்டியில், ராப்பஹானாக் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஒரு பண்ணையில், உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, இரண்டு மாதங்களாக மெட்டல் டிடெக்டருடன் நடந்து வருகிறேன். ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில், செங்களிமண்ணிலிருந்து மூன்று ஈயத் தோட்டாக்கள் கிடைத்தன. மூன்றும் வெண்ணிறம் பூத்திருக்கின்றன. மூன்றின் அடிப்புறமும் குழிவாக உள்ளது. முதலாவதைச் சுற்றி மூன்று பள்ள வரிகள் உள்ளன. சமையலறைத் தராசில் 32 கிராம் நின்றது. இரண்டாவதும் அதே வகைதான், ஆனால் அதன் மூக்கில் திருகாணி இறங்கியது போன்ற துளை இருக்கிறது. மூன்றாவதில் வரியே இல்லை, வழுவழுப்பாக இருக்கிறது. இது அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின், அதாவது தென்னவர் படையுடையது என்று கொள்ளலாமா?

இவற்றோடு, கழுகு பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்றும், களஞ்சியத்தின் அருகே, ஏறத்தாழ 11.5 செ.மீ. விட்டமும் ஐந்தரைக் கிலோ எடையும் கொண்ட துருப்பிடித்த இரும்புக் குண்டு ஒன்றும் கிடைத்தன. பொத்தானைப் புளி போட்டுத் துலக்கிவிடலாம் என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா சொல்கிறார். குண்டு இப்போது காரேஜில் இருக்கிறது. வார இறுதியில் சுத்தியலால் தட்டித் துருவை உதிர்க்க எண்ணியுள்ளேன்.

பழம்பாசறை:

முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம். பன்னிரண்டு பவுண்டுப் பீரங்கியின் குண்டு நீங்கள் சொல்லும் அதே விட்டம்தான். திட இரும்புக் குண்டும் உண்டு. உள்ளே வெடிமருந்தும் ரவைகளும் அடைத்த குண்டும் உண்டு. ரவைகள் நிறைந்திருந்தால் எடையும் திடக் குண்டை நெருங்கிவிடும் என்பதால் தராசை நம்பி முடிவு செய்ய முடியாது. வெடிக்கவைக்கும் திரியைப் பொருத்தும் துளையைத் துரு முழுவதுமாக மூடியிருக்கக்கூடும். கரிமருந்து நூற்றைம்பது ஆண்டு மண்ணில் கிடந்தாலும் செத்துப்போவதில்லை: 2008-ஆம் ஆண்டு இதே வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமிக்க சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து உயிரிழந்தார். எனவே அதை நகர்த்தாமல், துளையிடாமல், வீட்டாரை அந்தப் பக்கம் விடாமல், இன்றே காவல் துறையை அழைத்துச் சொல்லுங்கள்.

மினியே பித்தன்:

தோட்டாக்களைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்று வரி கொண்டது, அமெரிக்கத் தயாரிப்பான ஸ்பிரிங்ஃபீல்டு வகைத் துப்பாக்கிக்குரிய 0.58 அங்குல மினியே தோட்டா; அதன் வழக்கமான எடை ஐந்நூறு கிரெய்ன் (தோட்டா எடைக்கான சிறு அலகு), அதாவது உங்கள் தராசு காட்டிய அதே 32 கிராம். பெயர் பிரெஞ்சு அதிகாரி மினியேயுடையது என்றாலும், அமெரிக்கப் படை ஏற்ற வடிவம் 1850-களில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் பர்ட்டன் என்பவர் எளிமைப்படுத்தியது. வரிகளில் கொழுப்பும் தேன்மெழுகும் பூசுவார்கள். மருந்து எரியும்போது அடிக்குழியின் விளிம்பு விரிந்து, குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். ஆகவே அந்த விளிம்பை ஒரு கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள்: சாய்ந்த கோடுகள் பதிந்திருந்தால் சுடப்பட்டது, விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் கைதவறி விழுந்தது. உங்கள் பண்ணையில் கைதவறி விழுந்தவற்றையே எதிர்பார்ப்பேன். 1862 டிசம்பரில் அருகிலுள்ள ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் தோற்ற வடவர் படை, அதாவது கூட்டரசின் படை, அந்தக் குளிர்காலம் முழுவதும் ஸ்டாஃபர்டில்தான் பாசறை இட்டிருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே குடிசை கட்டி, விறகு வெட்டி, ஆற்றங்கரைக் காவலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

மூக்கில் துளையுள்ள தோட்டாதான் எனக்கு மிகவும் பிடித்தது. குழலின் வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் ஒருமுறை இட்ட தோட்டாவை வெளியே எடுக்க இரண்டே வழிகள்: சுட்டுத் தீர்ப்பது, அல்லது கெட்டிக்கும் கம்பியின் முனையில் திருகாணியைப் பொருத்தி, ஈயத்தில் முறுக்கி இறக்கி இழுப்பது. காவல் முடிந்து திரும்பிய ஒருவன், நனைந்த மருந்தை வெளியேற்றுவதற்காகத் தன் தோட்டாவை அப்படி இழுத்து எறிந்திருக்கலாம். துளைக்குள் இருக்கும் மண்ணைத் தோண்டாதீர்கள். திருகின் மரை அங்கேதான் தெரியும்.

வரியற்றது எண்ஃபீல்டு தோட்டா. அடிக்குழியில் மரத்தாலோ களிமண்ணாலோ ஆன ஆப்பு இருந்திருக்கும். பிரிட்டனிலிருந்து எண்ஃபீல்டு துப்பாக்கிகளை இரு தரப்பும் வாங்கிக் குவித்தன என்பதால் அதை வைத்துத் தென்னவர் என்று முடிவு கட்டாதீர்கள். வெண்பூச்சு ஈயத்தின் களிம்பு, சுரண்டக் கூடாது. தொட்ட பின் கையைக் கழுவுங்கள். தோட்டாக்களை எடைபோட்ட தராசில் இனிச் சமையலுக்கு எதையும் வைக்காதீர்கள்.

பழம்பாசறை:

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லிப் புளியை வாங்கி வைத்துவிடுங்கள். இப்பொத்தான்களில் பலவற்றின் மேல் மெல்லிய பொன்முலாம் இருக்கும். புளிப்பு பட்டால் களிம்போடு முலாமும் எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவிட்டுப் பல்குத்தும் குச்சியால் மெல்ல நீக்குங்கள். கழுகின் மார்பிலுள்ள கேடயத்தில் கோடுகள் மட்டும் இருந்தால் சாதாரணச் சிப்பாயுடையது. காலாட்படைக்குரிய ‘ஐ’, குதிரைப்படைக்குரிய ‘சி’, பீரங்கிப்படைக்குரிய ‘ஏ’ ஆகிய எழுத்துகளில் ஒன்று இருந்தால் அதிகாரியுடையது. பின்புறத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கலாம். எந்தப் பொருள் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று வரைபடத்தில் குறித்துவிட்டீர்களா? இல்லையென்றால் நினைவு மங்கும் முன் குறியுங்கள். பண்ணையின் எல்லையைத் தாண்டித் தேசியப் போர்க்களப் பூங்காவின் நிலத்தில் மட்டும் கருவியோடு கால் வைத்துவிடாதீர்கள். கூட்டரசு நிலத்தில் தோண்டுவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

செம்மண்:

உடனே அழைத்தேன். வெடிபொருள் பிரிவினர் வந்து குண்டை எக்ஸ்ரே எடுத்தார்கள்; உள்ளே பொள்ளல் இல்லை. துரு சற்று உதிர்ந்த ஓரிடத்தில் ‘12’ என்ற எண் தெரிந்ததும், குண்டு எறிதல் விளையாட்டில் பள்ளி மாணவர்கள் எறியும் பன்னிரண்டு பவுண்டு இரும்புக் குண்டு என்று சொல்லிச் சிரித்தார்கள். எடையும் இரும்பும் ஒன்றென்றால் விட்டமும் ஒன்றாகத்தானே இருக்கும்! காரேஜைக் காலி செய்து வாசலில் நின்ற அரைமணி நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பது வேறு விஷயம். முதல் தோட்டாவின் விளிம்பில் கோடுகள் இல்லை. பொத்தான் ஊறிக்கொண்டிருக்கிறது, கேடயத்தில் எழுத்தா, கோடா என்பது தெரிந்ததும் படம் இடுகிறேன்.